ஆர்டர் குவிந்தும் மூடிய பட்டறை

மும்பை தாராவியில் ஒரு தோல் பட்டறை பூட்டிக் கிடந்தால், "வியாபாரம் படுத்துவிட்டது போல" என்றுதான் நமக்குத் தோன்றும். சில நேரம் நடப்பது நேர்மாறு: ஆர்டர் கூடியதே அதை மூட வைத்திருக்கும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தோல், ஜிப், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பைக்குச் செலவு 400 ரூபாய், விற்பது 500 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 பை. வாங்குகிற கம்பெனி மூன்று மாதம் கழித்தே பணம் தரும். ஆக, முதல் வரவுக்கு முன்பே 1,20,000 ரூபாய் கைப்பணம் இறங்கிவிடுகிறது. இதுதான் நடைமுறை மூலதனம். பட்டறைப் பேச்சில் 'ரொட்டேஷன்'. தாராவிக் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அடுத்த முறை வரும்வரை டிரம்மில் இருப்பதை வைத்துத்தான் வீடு நடக்கும். ரொட்டேஷன் பணம் அந்த டிரம் தண்ணீர்.

இப்போது ஆர்டர் 200 பையாகிறது. எல்லோரும் வாழ்த்துவார்கள். ஆனால் தேவை 2,40,000. ஈடு காட்ட வழியில்லாதவர் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மூன்று மாதத்தில் ஒரு பைக்கு வட்டி மட்டும் 36 ரூபாய். பத்தில் ஒரு பை 'தையல் சரியில்லை' என்று திரும்பி வந்து முடங்கினால், சராசரியாகப் பைக்கு இன்னொரு 50 போகும். நூறு ரூபாய் லாபத்தில் மிச்சம் 14. பணம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனால் அதிலும் 12 போய்விடும்.

அதே தாராவியிலிருந்து காலையில் இட்லி அண்டாவோடு கிளம்புகிறவர்களைப் பாருங்கள். இரவு அரைத்த மாவு காலையில் காசாகிறது. அந்தக் காசில் அன்றைக்கே அரிசியும் உளுந்தும் வாங்கிவிடலாம். ஒரு இட்லியில் கிடைப்பது சொற்பம்தான். ஆனால் போட்ட பணம் மாதத்தில் முப்பது தடவை கைக்குத் திரும்புகிறது. லாபம் எவ்வளவு என்பதைவிட, பணம் எப்போது வரும் என்பதுதான் சிறுதொழிலின் உயிர்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதைச் செய்துவிடுங்கள், சரக்கு போன தேதியைப் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய ஆர்டர் வந்தால், ஒப்புக்கொள்ளுமுன் பணம் எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள்.