பச்சைக் கொழுந்து கறுப்பது எப்படி? அதை நிறுத்துவது எது?

வாழைப்பூ நறுக்கியிருக்கீங்களா? கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடும். அதனால்தான் வீட்டில் அதை மோரில் போடச் சொல்வாங்க. கேமரன் மலையில் பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாவதும் இதே வகை வேதிவினையால்தான். வீட்டில் நாம் அதைத் தடுக்கிறோம். தொழிற்சாலையில் வேண்டுமென்றே தொடங்கவிட்டு, சரியான நேரத்தில் நிறுத்துகிறார்கள்.

வினை எப்படித் தொடங்குகிறது?

பகாங் மாநிலத்தின் இந்த மலையில் 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தலைமுறைகளாகத் தமிழர்கள் கொழுந்து பறித்த மண் இது. பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றில் வாட்டி, பிறகு இயந்திரத்தில் உருட்டி நசுக்குவாங்க.

இலையின் செல்லுக்குள் கேட்டச்சின் என்ற பொருள்களும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கியதும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, வினை தொடங்கிவிடுகிறது. ஆலைகளில் இதை 'நொதித்தல்' என்பார்கள். ஆனால் தோசை மாவு புளிப்பதைப் போல இது நுண்ணுயிரிகளின் வேலை இல்லை, ஆக்சிஜனேற்றம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

முதலில் உருவாகும் தியாஃப்ளேவின்கள் தேநீருக்குப் பளிச்சென்ற நிறத்தையும் விறுவிறுப்பான சுவையையும் தருகின்றன. அவை ஓர் உச்சத்தைத் தொட்டபின் குறையத் தொடங்கும். நிறத்தை அடர்த்தியாக்கும் தியாரூபிஜின்கள் கூடிக்கொண்டே போகும். சீக்கிரம் நிறுத்தினால் பச்சை வாடை அடிக்கும். தாமதித்தால் சுவை சப்பென்று போய்விடும். சூடு கூடினால் வினையும் வேகமெடுக்கும். அதனால் நொதிக்கும் அறையைக் குளிர்ச்சியாகவும் ஈரப்பதத்தோடும் வைத்திருப்பார்கள். மலைக்குளிர் இதற்குக் கைகொடுக்கிறது.

நிறுத்துவது எது?

சூடுதான். நொதி ஒரு புரதம். உலர்த்தும் இயந்திரத்தில் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பக்காற்று பட்டதும் அது வடிவம் குலைந்து செயலிழக்கிறது. இலையின் ஈரமும் சுமார் 3 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. சூடு போதாவிட்டால், நொதி சாவதற்குள் வினை இன்னும் வேகமாக ஓடி, இலை வெந்ததுபோல் ஆகிவிடும். சூடு மிஞ்சினால் மேற்புறம் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிவிடும். பச்சைத் தேயிலைக்கோ தொடக்கத்திலேயே சூடு காட்டிவிடுவார்கள். அதனால்தான் அது கறுப்பதில்லை.

ஆய்வகத்திலும் இதே கதைதான்

மருந்து மூலக்கூறுகளைத் தயாரிக்க 'ரிடக்டிவ் அமினேஷன்' என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் கிடைத்த அமீன் மேலும் வினைபுரிந்து வேறொன்றாக மாறிவிடக்கூடும். எனவே அளவு பார்த்துச் சேர்க்கிறார்கள். முடிந்ததும் நீரோ அமிலமோ ஊற்றி, மிச்சமுள்ள ஒடுக்கியை அழிக்கிறார்கள்.

இனி தேத்தண்ணி குடிக்கும்போது அதன் நிறத்தைக் கவனியுங்கள். சரியான நேரத்தில் நிறுத்திய வினையைத்தான் குடிக்கிறீர்கள். தேயிலை டப்பாவையும் இறுக்கி மூடி வையுங்க: ஈரம் ஏறினால் அந்தச் சுவை மங்கிவிடும்.