காயத்துக்கு நட்டஈடு: சட்டத்தரணியிடம் எப்போது போவது, எதைக் கொண்டு போவது?

நட்டஈடு என்ற சொல்லை எமது மக்கள் சந்தேகத்துடன்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஒரு இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை தீர்மானித்தபோது, வீதியோரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகப் போராடிய தாய்மார் அதை மறுத்தார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்குக் காசு பதிலாக முடியாது.

ஆனால் இந்த வெறுப்பு இன்னொரு இடத்தில் எங்களுக்கே பாதகமாகிறது. போர் முடிந்த பின்னரும் ஆட்கள் காயப்படுகிறார்கள். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளை பஸ் அடிக்கிறது. தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் போகிறது. வைத்தியசாலையில் தவறு நடக்கிறது. பொலிஸ் நிலையத்தில் அடி விழுகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. “அது விதி” என்றோ, “கோடு கச்சேரி எங்களுக்கு வேண்டாம்” என்றோ விட்டுவிடுவதால் அந்த வழி மூடிப்போகிறது. பெரும்பாலும் அது வழக்கில் தோற்று மூடுவதில்லை. நாட்கள் கடந்து மூடுகிறது.

ரொறன்ரோவில் உறவினர் இருப்பவர்களுக்கு ‘விபத்து லோயர்’ என்ற ஆளைத் தெரிந்திருக்கும். அங்கே தமிழ் வானொலியைத் திறந்தாலே அவர்களுடைய விளம்பரம்தான். வென்றால் மட்டுமே கட்டணம், அதுவும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டில் அந்தத் தொழில் தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. இலங்கையில் அப்படி ஒரு தனித் துறை இல்லை. சட்டக் கல்லூரியில் படித்து, பயிற்சி முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த எந்தச் சட்டத்தரணியும் காயவழக்கை எடுக்கலாம். காலையில் காணி வழக்கும் மதியம் தாபரிப்பு வழக்கும் பேசுகிறவரே இதையும் பேசுவார். விளம்பரம் செய்யத் தொழில் ஒழுக்க விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். வைத்தியசாலை வாசலில் தேடி வருகிற தரகரை நம்பவும் வேண்டாம். இத்தகைய வழக்குகளில் பழக்கமுள்ளவர் யார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நாலு பேரிடம் விசாரிப்பதுதான் நடைமுறையில் உள்ள வழி.

அவரிடம் போனதும் அவர் கேட்பது மூன்று கேள்விகள். எதிராளி கவனயீனமாகவோ வேண்டுமென்றோ நடந்தாரா? அதனால்தான் இந்தக் காயம் வந்ததா? காயத்தால் உங்களுக்கு என்ன இழப்பு? இது ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து எமக்கு வந்த முறை. பலர் முதலாவது கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். “அவன் பிழை எண்டு ஊருக்கே தெரியும்” என்பார்கள். வழக்குகள் இரண்டாவது கேள்வியில்தான் விழுகின்றன.

மருத்துவக் கவனயீனம் பற்றி இந்நாட்டில் அதிகம் பேசப்பட்ட வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1992 இல் ஒரு சிறு பெண்பிள்ளை மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தாள். நோயை உரிய நேரத்தில் கண்டுபிடிக்கவில்லை என்று சட்டத்தரணியான தந்தை வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனத்தை ஏற்றுக்கொண்டு தொகையைப் பெருமளவு குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை முழுதாக மாற்றியது. முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. பிள்ளையை இழந்த துயரத்துக்கு எமது சட்டத்தில் பணம் கோர இடமில்லை, பொருளாதார இழப்பை மட்டுமே கோரலாம் என்பதும் அந்த வழக்கில் தெளிவானது. உழைக்காத பிள்ளையின் சாவுக்குச் சட்டத்தில் விலையே இல்லை என்ற அந்த நிலை 18 ஆண்டுகள் கழித்துத்தான் மாறியது. ஒருவரின் மரணத்துக்கான நட்டத்தை அறவிடுவது பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் குடும்பத்தினர் கோர வழிசெய்தது. விபத்தில் பிள்ளையையோ மனைவியையோ இழந்த பல குடும்பங்களுக்கு இன்னமும் இந்தச் சட்டம் இருப்பது தெரியாது.

இனிக் காலக்கெடு. தீங்கு செய்தவரிடம் நட்டஈடு கோரும் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்க வேண்டும். 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்வது இது. சம்பந்தப்பட்டது அரச வாகனம் அல்லது அரச வைத்தியசாலை என்றால், வழக்குக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தையும் இரண்டு ஆண்டுக்குள்தான் அடக்க வேண்டும். 23 ஆம் மாதத்தின் கடைசியில் கோப்புடன் வருகிறவருக்குச் சட்டத்தரணி கைவிரிப்பது இதனால்தான். காயம் ஆறட்டும், பிளேட் கழற்றட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தவர்களே இப்படி வருகிறார்கள்.

பொலிஸாரோ படையினரோ வேறு அரச அதிகாரிகளோ அடித்தோ சித்திரவதை செய்தோ காயப்படுத்தியிருந்தால் அடிப்படை உரிமை மனு என்ற வழி உண்டு. அதற்கு அவகாசம் ஒரே ஒரு மாதம். அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின்படி மனுவை உயர் நீதிமன்றத்தில், அதாவது கொழும்பில், தாக்கல் செய்ய வேண்டும். காயப்பட்டவர் நேரில் போக முடியாவிட்டால் அவர் சார்பில் சட்டத்தரணி மனுச் செய்யலாம் என்று அதே உறுப்புரை சொல்கிறது. இதன் பெறுமதியைக் காட்டியது ஜெரால்ட் பெரேராவின் வழக்கு. 2002 இல் வத்தளைப் பொலிஸில் சித்திரவதைக்குள்ளாகி, சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலையில் கிடந்தவர் அவர். மனுவைச் சட்டத்தரணி ஒருவரே அவர் சார்பில் தாக்கல் செய்தார். 2003 இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கியது. அடுத்த ஆண்டு, சித்திரவதை தொடர்பான குற்றவழக்கில் சாட்சி சொல்லச் சில நாட்கள் இருக்கையில் அவர் சுடப்பட்டு இறந்தார். இதையும் சொல்லாமல் விட முடியாது. இத்தகைய வழக்கை எடுக்கும் சட்டத்தரணி, சட்டத்தை மட்டுமல்லாமல் கட்சிக்காரரின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இந்தச் சலுகையைத் தருகிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடக்கூடாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்த வழி தனியாட்களுக்கு மட்டுமானதல்ல. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது அடிப்படை உரிமை மனு ஒன்றில்தான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானதும் அப்படித்தான்.

அன்றாடம் அதிகம் நடப்பது வீதி விபத்து. இங்கே வழக்கு பெரும்பாலும் பொலிஸ் நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. வாகனக்காரர் வைத்தியச் செலவுக்கென்று ஒரு தொகையை நீட்டுவார், “சமாதானமாகப் போங்கோ” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள், கையெழுத்து வாங்கப்படும். முழங்காலுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தேவை என்று ஆறு மாதம் கழித்துத் தெரியவரும்போது அந்தக் கையெழுத்து குறுக்கே நிற்கும். வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், தீர்ப்புத் தொகையைக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனம்தான். சாரதி ஏழை என்று இரங்கி விட்டுவிட வேண்டியதில்லை. வழக்குப் போடும்போது அந்த நிறுவனத்துக்கும் உரிய அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்தரணி கவனிப்பார். அதற்கு வாகன இலக்கமும் காப்புறுதி விவரமும் முதல் நாளிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் பிழை. அந்தத் தண்டம் அரசுக்குப் போகிறது. உங்களுடைய இழப்புக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு வேண்டும். பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் எழுதும்படி கேளுங்கள். முடியாது என்றால், தமிழில் வாசித்துக் காட்டியபின் மட்டும் கையெழுத்திடுங்கள். பின்னர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்துப் படிப்பது அந்த வாக்குமூலத்தைத்தான்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இழப்பு எவ்வளவு என்பதற்கு வருவோம். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கும். கடலுக்குப் போகிறவருக்கும், மேசனுக்கும், மற்றவர் வயலில் அருவி வெட்டுகிறவருக்கும் என்ன இருக்கிறது? இங்கேதான் சட்டத்தரணியின் வேலை நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது. கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதம், மீன் வாங்கும் சம்மாட்டியின் கணக்குக் கொப்பி, கமக்காரர் அமைப்பின் பதிவு, வங்கிப் புத்தகம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கடையில் கொடுத்துத் தீர்த்த கடன் கொப்பி எல்லாம் வருமானத்தைக் காட்டும் சான்றுகள்தான். நல்ல சட்டத்தரணி இவற்றைக் கேட்டு வாங்குவார். பிரொக்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தவணைக்கு வரச் சொல்வதோடு நிறுத்துகிறவரிடம் நீங்களே கேட்க வேண்டியிருக்கும்.

எமது பிரதேசத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வழக்காளிகள் பலர் ஏற்கெனவே காயப்பட்டவர்கள். முள்ளிவாய்க்காலில் பட்ட எறிகணைச் சிதறல் இன்னும் இடுப்பில் இருக்கிறது. அல்லது ஒரு கால் செயற்கைக் கால். அவரை மோட்டார் வாகனம் அடித்துவிட்டால், “இவருக்கு முந்தியே ஏலாதே, எங்களால் வந்தது என்ன?” என்று மறுதரப்பு கேட்கும். போர்க்காயத்தைச் சொன்னால் வழக்குப் பலவீனமாகும், வேறு பிரச்சினையும் வரும் என்று பயந்து பலர் சட்டத்தரணியிடமே அதை மறைக்கிறார்கள். எக்ஸ்றே அதைக் காட்டிவிடும். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், சொன்ன உண்மைகளையும் நீதிபதி நம்பத் தயங்குவார்.

உண்மையில் சட்டம் இந்த இடத்தில் காயப்பட்டவருக்குச் சாதகமானது. தீங்கு செய்தவர், தான் மோதிய ஆளை அவர் இருந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நீண்டகாலமாக நிலைத்த கோட்பாடு. ஆரோக்கியமான ஒருவருக்கு மூன்று மாதத்தில் ஆறியிருக்கும் அடி, ஏற்கெனவே பழுதான முதுகை நிரந்தரமாக முடக்கினால், முடக்கம் முழுவதற்கும் பொறுப்புக் கோரலாம். விபத்துக்கு முன்னரே இருந்த இயலாமையை மட்டும் கோர முடியாது. ஆகவே முன்னர் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று தேவை. கிளினிக் கொப்பி, பழைய எக்ஸ்றே, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் கால் பொருத்திய பதிவு எல்லாம் இதற்கு உதவும். ஒற்றைக் காலோடும் ஒருவர் தினம் பத்து மைல் சைக்கிள் ஓடித் தேங்காய் விற்றார் என்றால் அதைச் சொல்ல அயலவர் இருவர் போதும். அந்த உழைப்பைத்தான் விபத்து பறித்தது.

வேலைத்தலக் காயத்துக்கு வழி எளிது. 1934 ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலையின்போது காயம் நேர்ந்தது என்று காட்டினால் போதும். 2022 திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. கிளிநொச்சி அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியப்புறம் பஸ் ஏறும் பெண்பிள்ளைகளின் வீட்டார் இதை அறிந்திருக்க வேண்டும்.

கட்டணத்தைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் கதைத்து எழுத்தில் வாங்குங்கள். தவணைக் கட்டணம் வேறு, வழக்குச் செலவு வேறு. வசதி இல்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தை உறுதிப்படுத்தினால் அதன் சட்டத்தரணி வழக்கை எடுப்பார்.

கடைசியாக, பலர் முதலில் கேட்கும் கேள்வி: போரில் பட்ட காயத்துக்கு இப்போது வழக்குப் போடலாமா? மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக அதிகாரிகள் மீது வழக்குத் தொடர்வதையும் தடுக்கிறது. ஆனால் காணி விடயத்தில் பாராளுமன்றம் வேறுவிதமாக நடந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் நீதிமன்றம் போக முடியாமல் காணி இழந்தவர்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் காலவிதிப்பைத் தளர்த்தி இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. போர்க்காலத்தில் வழக்குப் போட முடியாத நிலை இருந்தது என்பதை அரசு அதன் மூலம் தானே ஏற்றுக்கொண்டது. கையை இழந்தவருக்கும் கண்ணை இழந்தவருக்கும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகம்தான். அங்கே கிடைப்பது நீதிமன்றம் கணக்கிட்டுத் தரும் நட்டஈடு அல்ல, நிர்வாகக் கொடுப்பனவு. அதற்கும் காயம் எங்கே, எப்போது பட்டது என்று காட்டும் கடதாசி தேவைப்படும். இடம்பெயர்வில் அதைத் தொலைத்தவர்கள், சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் பதிவேட்டிலிருந்து பிரதி எடுக்க முடியுமா என்று இப்போதே விசாரிப்பது நல்லது. பழைய பதிவேடுகள் எல்லாக் காலத்துக்கும் வைக்கப்படுவதில்லை.