வாப்பாவை வீட்டுக்கு அழைத்து வருமுன்

பாரிசவாத நோயாளியைப் பராமரிக்கும் முறையைத் துண்டு வெட்டும் நாளில் கேட்டறிவது போதாது. பராமரிக்கப் போகிறவர் முன்னதாகவே வார்ட்டுக்குச் சென்று, தாதியின் முன்னிலையில் நோயாளியைத் தம் கையால் புரட்டி, உட்கார்த்திப் பழக வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும். அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை புரட்டிவிடாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

இவற்றிலும் பயப்பட வேண்டியது விழுங்கும் விஷயத்தில்தான். சுகம் விசாரிக்க வருவோர், படுத்திருப்பவரின் வாயில் அன்போடு ஸம்ஸம் நீரை விடுவதுண்டு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். எதை, எந்தப் பதத்தில், எப்படி உட்கார்த்திக் கொடுப்பது என்று வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டு வாருங்கள்.

தொழ முடியவில்லையே என்று அழுபவர்களும் உண்டு. உட்கார்ந்தோ, படுத்தோ, சைகையாலோ தொழலாம். வுழூச் செய்ய இயலாதவருக்குத் தயம்மும் இருக்கிறது.

சுகமாகிவிட்டதென்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுபடி முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.