துளையே இல்லை, சுரம் எப்படி? கொம்புக்கும் மொஸார்ட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன்!

திருநாவலூர் போன்ற பாடல் பெற்ற தலங்களில் கயிலாய வாத்தியம் கேட்டவர்களுக்குக் கொம்பு தெரிந்திருக்கும். வளைந்த உலோகக் குழாய். விரல் வைக்கத் துளை கிடையாது. இதே மாதிரி துளையில்லாத ஹார்னுக்குத்தான் மொஸார்ட் 4 கான்செர்ட்டோக்கள் எழுதினார்.

கான்செர்ட்டோன்னா என்ன?
ஒரு கருவி முன்னின்று வாசிக்கும். ஆர்க்கெஸ்ட்ரா துணை வரும்.

சுரம் எப்படி வருது?
எல்லாம் உதடுதான். இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஆனால் கீழ் ஸ்தாயியில் ச, ப, மேல் ச எனத் தாவல்தான். நடுவில் உள்ளவை வராது.

ஹார்ன் என்ன செய்தது?
சுருண்ட குழாய் என்பதால் அதன் வாய் இடுப்பருகே இருக்கும். 18-ம் நூற்றாண்டுக் கலைஞர்கள் அதற்குள் வலது கையை நுழைத்து, மூடித் திறந்து, விடுபட்ட சுரங்களைப் பிடித்தார்கள். இதில் கில்லாடி, மொஸார்ட்டின் நண்பர் ஜோசப் லைட்கெப். 1783-ல் எழுதிய கான்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியிலேயே அவரைக் 'கழுதை' எனக் கலாய்த்தவர் மொஸார்ட். அதே மொஸார்ட் 1791-ல், நண்பர் 60 வயதை நெருங்கியபோது, உச்ச சுரங்களைத் தவிர்த்து எழுதினார். முடிப்பதற்குள் மொஸார்ட்டே இறந்துவிட்டார். வால்வு வைத்த ஹார்ன் அதன்பிறகே வந்தது.

அப்போ கொம்பு?
அதன் வாய் தலைக்கு மேலே, கை எட்டாது. ராகத்துக்கு வழியில்லை, தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கேரளத்தில் செண்டை, இலைத்தாளம் துணையோடு கொம்பே முன்னின்று வாசிக்கும் 'கொம்புப் பற்று' உண்டு. கிட்டத்தட்ட நம்ம ஊர் கான்செர்ட்டோ!

மொஸார்ட்டின் கே. 495-ஐயும் கொம்புப் பற்றையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. வித்தியாசம் ஒரு கை தூரம்தான்.