மன்றம் கூட்டிய கை

ஆங்கிலேயர் அமெரிக்க மண்ணில் நிலைத்துக் குடியேறிய முதல் ஊர் ஜேம்ஸ்டவுன். ஆண்டு 1607. அதை நடத்தியது இலண்டன் வணிகர்களின் வர்ஜீனியா கம்பெனி. ஆம், இலாபம் தேடிய கம்பெனி!

1619 ஜூலை 30 அன்று, அவ்வூர்த் தேவாலயத்தில், 11 குடியிருப்புகளின் சார்பில் 22 பிரதிநிதிகள் கூடினர். கூட்டியவர் கவர்னர் யார்ட்லி. ஆங்கில அமெரிக்காவின் முதல் மக்கள் மன்றம் என்று வரலாற்று ஏடுகள் போற்றுகின்றன. போற்றட்டும்!

மாதம் ஒன்று கழிந்தது. ஆகஸ்டு இறுதியில் 'ஒயிட் லயன்' என்றொரு கப்பல் கரை சேர்ந்தது. அதிலே இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள்; அங்கோலாவிலே பிடிபட்டு, போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து பறிக்கப்பட்டவர்கள். அவர்களை வாங்கியவர் யார்? மன்றத்தைக் கூட்டிய அதே கவர்னர்! கூடவே கம்பெனியின் வணிக அதிகாரி. கொடுத்த விலை என்ன? உணவுப் பண்டம்! எதிரி கட்டிவிட்ட கதையல்ல இது; அங்கே குடியேறியிருந்த ஜான் ரோல்ஃப் இலண்டனுக்கு எழுதிய கடிதமே கூறுகிறது.

மன்றம் வளர்ந்தது. 1624-இல் கம்பெனியின் பட்டயம் பறிபோன பிறகும் மன்றம் மட்டும் நிலைத்தது. எதற்கு? 1662-இல் அது இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். பிள்ளைக்குத் தந்தையின் நிலை என்பது ஆங்கில வழக்கு. அதைத் தலைகீழாக்கி, தாயின் நிலையே பிள்ளைக்கு என்றார்கள். தந்தை வெள்ளை எசமானனே ஆனாலும், அடிமைத்தாயின் பிள்ளை அவனுக்கு அடிமை, மகனல்ல!