ஸ்டாக்கை மாற்றினால் ஜெயிலா? அமெரிக்க துப்பாக்கி சட்டம் சொல்வது என்ன?

ஷாட்கன்னில் தோளோடு அணைத்துப் பிடிக்கும் பின்பகுதிதான் ‘ஸ்டாக்’. கை நீளத்துக்கு அது பொருந்தாவிட்டால் குறி தப்பும். தோளும் கன்னமும் அடி வாங்கும். அதனால்தான் பலர் நீட்டிச் சுருக்கும் ஸ்டாக்கை தனியாக வாங்கி மாட்டுகிறார்கள்.

இதுல என்ன சிக்கல்?

அமெரிக்கத் தயாரிப்பு என்றால் மத்திய சட்டத்தில் பெரிய தடை இல்லை. ஆனால், இத்தாலியின் பெனெல்லி எம்4 போன்ற இறக்குமதி செமி ஆட்டோமேட்டிக் என்றால் கதையே வேற. விளையாட்டுக்கும் வேட்டைக்கும் ஏற்ற ஷாட்கன்னுக்குத்தான் இறக்குமதி அனுமதி. மடக்கும், சுருக்கும் ஸ்டாக் அந்த வகையில் சேராது என 2011-ல் ஏடிஎஃப் அமைப்பின் ஆய்வு கூறியது.

அப்போ மாட்டவே முடியாதா?

முடியும். விதி பட்டியலிடும் 20 பாகங்களில் வெளிநாட்டு பாகங்கள் 10-க்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்டாக், ட்ரிக்கர், ஹேமர் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். அதனால் சிலவற்றை அமெரிக்கத் தயாரிப்பாக மாற்ற வேண்டும். சட்டவிரோதம் எனத் தெரிந்தே மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

மாநில சட்டம் தனி

நியூயார்க்கில் 2013-ல் வந்த சட்டப்படி, செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னில் இந்த ஸ்டாக் இருந்தாலே அது ‘அசால்ட் வெப்பன்’. அங்கே பாகங்களை எண்ணிப் பார்த்தும் பயனில்லை!