சுவருக்கு இப்பால் யாருடைய பெட்டி?

இணைய நிறுவனத்தை மாற்றினால் மோடத்தையும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். பழைய நிறுவனம் தந்த பெட்டியை அதுவே திரும்ப வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் பரணில் தூசி படிந்து கிடக்கும். புது நிறுவனத்தின் ஆள் இன்னொரு பெட்டியோடு வந்து நிற்பார். அதன் விலை டெபாசிட்டாகவோ, வாடகையாகவோ, மாதச் சந்தாவுக்குள் மறைந்த தொகையாகவோ எப்படியும் நம்மிடம்தான் வசூலாகும். சொந்த மோடம் இருக்கிறது, அதையே போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், “அதெல்லாம் எங்க லைன்ல வேலை செய்யாது சார்” என்ற பதில் தயாராக இருக்கும். இந்தப் பதிலில் தொழில்நுட்பம் எவ்வளவு, வியாபார வழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். பார்த்தால், பெரும்பாலான இடங்களில் தடையாக நிற்பது நிறுவனத்தின் கணினியில் நம் மோடத்துக்கு ஒரு பதிவு இல்லாததுதான் என்று தெரியவரும்.

வீடுகளுக்கு ஃபைபர் தருவதில் பரவலாக உள்ளது ஜிபான் என்ற முறை. நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி கருவியிலிருந்து ஒற்றைக் கண்ணாடி இழை தெருவரை வரும். அங்கே மின்சாரமே தேவைப்படாத ஒரு ஸ்ப்ளிட்டர், ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். வீட்டுக்கு வரும் தரவு 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியிலும், வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டர் ஒளியிலும் பயணிப்பதால் ஒரே இழையில் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. கீழே வரும் தரவு எல்லா வீட்டுக்கும் வந்தாலும், அவரவர்க்கு உரியதைத்தான் பிரித்துப் படிக்க முடியும்படி அது மறையாக்கம் செய்யப்படுகிறது. மேலே அனுப்பும்போது ஒவ்வொரு மோடமும் தன் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 20 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 200 மைக்ரோநொடி ஆகும். அதனால் ஓஎல்டி முதலில் ஒவ்வொரு மோடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்பத் தாமதத்தைச் சரிசெய்துவிடுகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பொதுத் தரநிலையில் இருக்கிறது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரிய ரகசியம் அல்ல.

அப்படியானால் கடையில் வாங்கிய மோடம் ஏன் செருகியவுடன் ஓடுவதில்லை? அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 4 எழுத்தும் 8 இலக்கமும் சேர்ந்த ஒரு சீரியல் எண் இருக்கும். அந்த எண் நிறுவனத்தின் பட்டியலில் ஏறினால்தான் ஓஎல்டி அந்த மோடத்தை உள்ளே விடும். அடுத்துத் தேவைப்படுவது, இணையத் தரவு எந்தத் தடத்தில் வருகிறது என்பதைக் குறிக்கும் விலான் எண். உள்நுழைவு கேட்கும் பிபிபிஓஇ முறை என்றால் யூசர்நேமும் பாஸ்வேர்டும். கூடவே இணைப்பு முனையின் நிறத்தையும் கவனிக்கவேண்டும். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல முனை அப்படியல்ல. ஒன்றை மற்றதற்குரிய துளையில் செருகினால் ஒளி வீணாகும். மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போனால், ஒளி இழப்பைக் காட்டும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். செம்புக் கம்பிக் காலத்தில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள் கடையில் ஏடிஎஸ்எல் மோடம் வாங்கி, 0, 35 என்ற இரண்டு எண்களையும் பாஸ்வேர்டையும் போட்டு அவர்களாகவே ஓட்டினார்கள். அதனால் எந்த எக்ஸ்சேஞ்சும் இடிந்து விழவில்லை.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. இழை பல வீடுகள் பங்கிடுவது, முறை தவறி ஒளியை உமிழும் ஒரு பழுதான மோடம், அதே ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும். உண்மைதான். ஆனால் நிறுவனம் தந்த மோடமும் பழுதாகும், அப்போதும் இதே கேடுதான். பழுதுக்கு மருந்து தரப்பரிசோதனை. பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் கட்டாயச் சான்றிதழ் முறை இருக்கிறது, ஜிபான் உள்ளிட்ட பான் வகைக் கருவிகளும் அதற்குள் வருகின்றன. கைப்பேசியும் பலர் பங்கிடும் அலைக்கற்றையில்தான் பேசுகிறது. அதை நாம் கடையில் வாங்குகிறோம், அடையாளத்துக்கு ஒரு சிம் மட்டும் நிறுவனம் தருகிறது. காற்றில் சாத்தியமான இந்த ஏற்பாடு கண்ணாடி இழையில் சாத்தியமில்லை என்பதை எப்படி ஏற்பது?

வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் தொலைபேசி ஏகபோகமாக இருந்த காலத்தில், பேசுவது பிறர் காதில் விழாமல் தடுக்க ரிசீவரில் மாட்டும் ஒரு சின்னக் குப்பியைக்கூட ஏடி அண்ட் டி நிறுவனம் அனுமதிக்கவில்லை. 1956இல் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. டெக்சஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வயர்லெஸ் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் ‘கார்ட்டர்ஃபோன்’ என்ற சாதனத்தை விற்றபோதும் நெட்வொர்க் கெட்டுவிடும் என்ற அதே வாதம் எழுந்தது. தீங்கு இல்லாத கருவியைத் தடுக்கக்கூடாது என்று 1968இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. ஃபேக்ஸ், பதிலளிக்கும் கருவி, வீட்டு மோடம் ஆகியவற்றுக்குச் சந்தை திறந்தது அதன் பிறகுதான். ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே நிறுவனத்தின் எல்லை சுவரில் உள்ள சாக்கெட்டோடு முடிகிறது. அதற்கு இப்பால் எந்தக் கருவி என்பதை வாடிக்கையாளர் முடிவுசெய்வார். இணைக்கத் தேவையான விவரங்களை ஒப்பந்தத்தின்போதே, கேட்காமலே, இலவசமாகத் தரவேண்டும் என்பதும் சட்டம்.

பாதுகாப்பு என்னாகும் என்பது அடுத்த கேள்வி. நிறுவனத்தின் பெட்டியை அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிப்பார்கள், நம் பெட்டியை யார் கவனிப்பது? இதில் உண்மை உண்டு. சொந்த மோடம் வைப்பவர் மென்பொருளைப் புதுப்பிக்கவும், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றவும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் ஒரே மாதிரிப் பெட்டி லட்சக்கணக்கான வீடுகளில் இருப்பதும் ஆபத்துதான். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது. மோடங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கென்று திறந்துவைத்த வாசல் வழியாகவே அந்தத் தாக்குதல் வந்தது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. தரநிலை பொதுவாக இருந்தாலும், சில தயாரிப்பாளர்கள் தங்களுக்கே உரிய கட்டளைகளை அதில் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவரின் ஓஎல்டி இன்னொருவரின் மோடத்தோடு முழுதாக ஒத்துப்போகாமல், இணையம் ஓடியும் தொலைபேசி மட்டும் ஊமையாகிவிடுவது உண்டு. இதற்குத் தீர்வு, ஒத்துப்போகும் மாடல்களின் பட்டியலை நிறுவனம் வெளியிடுவது. அதுவரை நிறுவனத்தின் பெட்டியை, தரவை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி, பின்னால் சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்ளலாம். பெட்டியையும் பராமரிப்பையும் நிறுவனத்திடமே விட்டுவிட நினைப்பவர்கள் அப்படியே இருக்கட்டும். கேட்பது கட்டாயமல்ல, தேர்வு.

சொந்த மோடத்தைத் தடுப்பதற்குத் தொழில்நுட்பம் தரும் காரணங்கள் பலவீனமானவை என்பதே இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு. ஜெர்மனியைப் போல, இணைப்பு விவரங்களைத் தருவதை நம் ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களின் கடமையாக்கவேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புது இணைப்புக்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் மோடத்தின் சீரியல் எண்ணைப் பதிவுசெய்வீர்களா, விலான் எண்ணும் பாஸ்வேர்டும் தருவீர்களா, உங்கள் பெட்டி வேண்டாம் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.